காசும் கேஷும்

சென்ற ஆண்டு பொங்கல் விழாவில் மேடையேறிய நான், பேச்சின் நடுவே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கைதட்டல் பெற்றேன். இன்று உலகமெங்கும் வழங்கும் கேஷ் என்ற ஆங்கிலச் சொல், நம்முடைய காசு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதே அவ்வாக்கியம். யாரோ சொல்ல நான் கேட்டது. அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். அடுத்த வாரம் பிள்ளைகளின் வகுப்பு முடிந்ததும், இங்கேயே பிறந்து வளர்ந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னருகே வந்து, "அங்கிள், டிக்‌ஷனரியில் பிரெஞ்சு என்று போட்டிருக்கிறதே, நீங்கள் தமிழ் என்று சொன்னீர்களே?" என்று மெதுவாகக் கேட்டாள். கூடம் நிறையக் கைதட்டினோம். அகராதியைப் புரட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். "பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அன்று கைதட்டிய அன்பர்களுக்கு அந்தக் கைதட்டலில் பாதியைத் திருப்பித் தரவேண்டிய கடன் எனக்கு உண்டு. ஏன் பாதி என்பது போகப் போகத் தெரியும்.

பெரிய ஆங்கில அகராதி எதையேனும் எடுத்துப் பார்த்தால், கேஷ் என்பது ஒரு சொல்லன்று, இரண்டு சொற்கள் என்பது தெரியவரும். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. ஆனால் தாய் தகப்பன் வேறு. ஒரே ஊரில் ஒரே பெயரோடு இரண்டு ராமசாமிகள் இருந்தால், ஒருவருக்கு வந்த கடிதம் மற்றவர் வீட்டுக்குப் போவது வழக்கம் அல்லவா? இங்கே நடந்ததும் அதுதான்.

முதல் ராமசாமியைப் பார்ப்போம். லத்தீன் மொழியில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் காஸ்ஸா என்றும், பிரெஞ்சில் கேஸ் என்றும் ஆயிற்று. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் ஆங்கிலத்துக்குள் கேஷ் என்று நுழைந்தது. நுழைந்தபோது அதன் பொருள் பணம் அன்று. பணம் வைக்கும் பெட்டி. நாளடைவில் பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருப்பதற்கு ஆகி வந்தது. ஆகவே கேஷியர் என்பவர் ஆதியில் பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவர். நம் பக்கத்து மளிகைக் கடைகளில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார் என்கிறோமே, அதே கணக்கு. இன்றும் பாரிஸில் கடைக்குப் போனால், பணம் கட்டும் இடத்தில் கேஸ் என்றுதான் எழுதியிருக்கும். மருந்துக் கடையில் நாம் வாங்கும் கேப்ஸ்யூலும் இந்தப் பெட்டியின் பேரப்பிள்ளையே: சின்னஞ்சிறு பெட்டி என்று பொருள்.

இதைப் படித்தபோது உண்டியல் என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஹுண்டி என்று வடநாட்டில் வழங்கியது பண மாற்றுச் சீட்டு. தமிழில் அது உண்டியல் ஆகி, முதலில் அந்தச் சீட்டையும், பிறகு கோயிலில் காணிக்கை போடும் பெட்டியையும் குறித்தது. ஆங்கிலேயனுக்குப் பெட்டி பணமாயிற்று. நமக்குப் பணச்சீட்டு பெட்டியாயிற்று.

நிற்க. இரண்டாவது ராமசாமிதான் நம்மவர்.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பின், போர்த்துகீசியர் நம் கடற்கரைத் துறைமுகங்களில் வியாபாரம் செய்யலாயினர். அங்கே தமிழரும் மலையாளிகளும் சில்லறை நாணயத்தைக் காசு என்று சொல்வதைக் கேட்டனர். அவர்கள் மொழியிலும் பெட்டிக்குக் கைஷா என்றொரு சொல் உண்டு. அதுவும் அந்த லத்தீன் காப்ஸாவின் வழிவந்ததே. காசு என்று காதில் விழுந்ததை அவர்கள் தமக்குப் பழக்கமான கைஷா என்ற எழுத்துகளிலேயே எழுதி வைத்தார்கள். அந்த நிமிஷத்தில் இரண்டு சொற்களும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டன. பின்பு அவர்கள் கிழக்கே சென்று, சீனர்கள் நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்திருந்த செப்பு நாணயங்களைக் கண்டபோது, அவற்றுக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலேயர் இதைப் போர்த்துகீசியரிடமிருந்து பெற்று கேஷ் என்று எழுதினார்கள். அதனால்தான் இன்றும் நாணயம் சேகரிப்பவர்கள் பழைய சீன நாணயத்தை சைனீஸ் கேஷ் என்கிறார்கள். சீனர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர்கள் சொல் வேறு. தமிழ்ப் பெயரை ஐரோப்பியர் சுமந்து சென்று சீனத்து நாணயத்தின் மேல் ஒட்டிவிட்டார்கள்!

யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற அகராதியில் இந்த இரண்டாவது கேஷின் வரலாறு விரிவாக இருக்கிறது. இந்தியாவில் வழங்கிய கலப்புச் சொற்களுக்கென்றே தொகுத்த நூல் அது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் ஆங்கிலேயரைவிடக் கவனமானவர்கள். புதுச்சேரியை ஆண்ட அவர்கள் நம் காசை காஷ் என்று ஒரு விதமாகவும், பணப்பெட்டியைக் கேஸ் என்று வேறு விதமாகவும் எழுதி இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி என்று தமிழ் எழுத்தில் பொறித்து அவர்கள் வெளியிட்ட செப்பு நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன.

ஆகவே அந்தப் பெண் கேட்டது சரி. கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் பெட்டியிலிருந்து வந்தது, நம்முடையதன்று. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் கிடக்கும் கேஷ் நம்முடையது. மேடையில் நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கேஷியருக்குத் தமிழில் காசாளர் என்றும், செக்குக்குக் காசோலை என்றும் பெயர் வைத்தோம். காசாளர் என்பது காதுக்கு கேஷியர் போலவே ஒலிப்பதால், இரண்டும் உடன்பிறப்பு என்றே எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம்.

சரி, காசு என்ற சொல்லாவது முழுக்க நம்முடையதா? இங்கும் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. வடமொழியில் கர்ஷம் என்பது பொன், வெள்ளி நிறுக்கும் ஓர் எடை. பழைய வெள்ளி நாணயத்துக்குக் கார்ஷாபணம் என்று பெயர். காசு இதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வர். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் காசு வேரோடிக் கிடப்பதைக் காட்டி மறுப்போரும் உண்டு. இதில் கட்சி கட்டி வழக்காட எனக்கு விருப்பமில்லை. ஒருமுறை பட்டது போதும்.

வேர் எங்கிருந்தாலும், அதில் தழைத்த மரம் தமிழ்நாட்டு மரம். பழந்தமிழில் காசு என்றால் பொன், மணி, மகளிர் இடையில் அணியும் மேகலையில் கோத்த மணியும் காசுதான். நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த காசுமாலை அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. இலக்கணத்திலும் காசு உண்டு: வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும் என்பது விதி. திருக்குறள் வெண்பா ஆதலால் 1330 குறளுக்கும் இது பொருந்தும். இவ்வளவு பெருமை வாய்ந்த சொல்லுக்கே குற்றம் என்றும் ஒரு பொருள் இருப்பதுதான் விந்தை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழும் இடத்தில், குற்றமற்ற என்ற பொருளில் இச்சொல் வருகிறது.

சோழர் கல்வெட்டுகளில் காசு பேசாத பக்கம் குறைவு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்தில் வெட்டிய சாசனங்களைப் பாருங்கள். கோயிலுக்கு வந்த காசைப் பூட்டி வைக்கவில்லை. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. அந்த வட்டியில் விளக்கெரிந்தது, நிவேதனம் நடந்தது. கோயிலும் பாங்கும் ஒன்றாக இருந்த காலம் அது.

நம்மைப் போலப் பிழைப்புக்காக வெளிதேசம் வந்து, நாள்தோறும் இன்றைய ரேட் என்ன என்று கேட்டு வாழ்கிறவர்கள் அறியவேண்டிய காசுக் கதை ஒன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. பஞ்சம் வந்த காலத்தில் அப்பர் சுவாமிகளும் ஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்தார்கள். அடியார் பசி பொறுக்காத இறைவன், இருவருக்கும் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு காசு வைத்தருளினான். இரு மடங்களிலும் அன்னம் நடந்தது. ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் சாப்பாடு தாமதமாயிற்று. காரணம் விசாரித்தபோது, அப்பர் காசைக் கடைக்காரர் உடனே வாங்கிக்கொள்கிறார் என்றும், சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கிறார் என்றும் தெரிந்தது. வாசி என்பது நாணயம் மாற்றும்போது தரக் குறைவுக்காகப் பிடித்துக்கொள்ளும் வட்டம். அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்தவர். அதனால் அவர் காசுக்கு வாசி இல்லை என்று பெரியோர் பொருள் சொல்வர். சம்பந்தப் பிள்ளையார் பதிகம் பாடி, வாசியில்லாத காசு பெற்றார். ஆண்டவன் கொடுத்த காசுக்கே வட்டம் பிடித்த கடைக்காரர் இருந்திருக்கிறார் என்றால், நம் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் கமிஷன் போகிறதே என்று நாம் வருத்தப்படுவதில் நியாயமில்லை.

பிற்காலத்தில் காசு பொன்னிலிருந்து செம்புக்கு இறங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பெருக்கிப் பார்த்தால் ஒரு வராகனுக்கு 3360 காசு! 1818இல் கம்பெனி இதைக் கைவிட்டு, ரூபாய்க்கு மாறியது. திருவிதாங்கூரில் வேறு கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். புதுக்கோட்டை அரசர்கள் நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து வழங்கிய அம்மன் காசில் ஒரு பக்கம் பிரகதாம்பாள் வீற்றிருப்பாள். மறுபக்கம் விஜய என்று தெலுங்கு எழுத்து. சமஸ்தானம் 1948இல் இந்தியாவுடன் இணையும்வரை அது இருந்தது.

பணம் என்று சொன்னேன். அதற்கும் இந்தக் கடலுக்கும் தொடர்புண்டு. ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் அதை ஃபனம் என்று எழுதினார்கள். அவர்களுக்குப் பகரம் நன்றாக வரும். பிறகு ஏன் ஃபனம்? அந்த உச்சரிப்பு போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே வழங்கியிருப்பதால், அது அராபிய வணிகர் நாவில் உருவானதாகவே இருக்கவேண்டும் என்று ஹாப்சன் ஜாப்சன் ஊகிக்கிறது. அரபியில் பகரம் இல்லை என்பதை இங்கே வாழும் நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். பகரம் அவர்கள் வாயில் ஃபகரமாகும், அல்லது பாரதி என்பதில் வருவதுபோல் அழுத்திய பகரமாகும். ஓமான் நாட்டில் ரியாலை ஆயிரமாகப் பிரித்தால் வரும் பைசா, நம்முடைய பைசாவேதான். அவர்கள் உச்சரிப்பில் அந்த அழுத்தம் ஏறியிருக்கிறது, அவ்வளவே.

கொடுத்தது போலவே வாங்கியும் இருக்கிறோம். துட்டு என்று நாம் உரிமையோடு சொல்வது டச்சுக்காரர்களின் டொய்ட் என்ற செப்பு நாணயம். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் அவர்கள் கடை விரித்திருந்த காலத்து மிச்சம். ரொக்கம் என்பதற்கு மராத்தியிலும் இந்தியிலும் உறவினர் உண்டு. சல்லி என்பது மிகச் சிறிய காசு. மாட்டின் கொம்பில் துணியில் முடிந்து கட்டிய சல்லிக்காசே ஜல்லிக்கட்டுக்குப் பெயர் தந்தது என்பர். இலங்கைத் தமிழரிடம் சல்லி என்றால் பணம் முழுவதுமே. இங்குள்ளவர்களும் சளைத்தவர்கள் அல்லர். திர்ஹம் என்பது கிரேக்கரின் திராக்மா, தினார் என்பது ரோமரின் தினாரியஸ், ரியால் என்பது ஸ்பெயின்காரரின் ரியால், ஃபில்ஸும் ஃபுலூஸும் ஃபோலிஸ் என்ற ரோம நாணயம். நம் வடமொழி நூல்களிலும் திரம்மம், தீனாரம் என்ற பெயர்களைக் காணலாம்.

இனி ரூபாய்க்கு வருகிறேன். முத்து வியாபாரக் காலத்திலிருந்தே வளைகுடாக் கரையில் இந்திய ரூபாய் செலாவணியாக இருந்தது. இந்தியா விடுதலை அடைந்த பிறகும் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்று அமீரகமாக இருக்கும் ஷேக் நாடுகள் எல்லாவற்றிலும் அதே நோட்டுத்தான். இதில் ஒரு சிக்கல் முளைத்தது. இங்கிருந்து தங்கம் தோணியேறிப் பம்பாய்க்கு ரகசியமாகப் போகும். அதன் விலையாக ரூபாய் நோட்டுக் கட்டுகள் இங்கே வரும். இங்குள்ள பாங்குகள் அந்த நோட்டுகளை ரிசர்வ் பாங்கில் கொடுத்துப் பிரிட்டிஷ் பவுனாக மாற்றிக்கொள்ளும். இந்தியாவின் அன்னியச் செலாவணி இப்படியே கரைந்தது. இதைத் தடுக்க 1959இல் இந்திய அரசு சட்டம் திருத்தி, வளைகுடாவில் மட்டுமே செல்லும் தனி நோட்டுகளை வெளியிட்டது. உருவம் இந்திய நோட்டைப் போல, நிறம் வேறு, வரிசை எண்ணுக்கு முன்னால் இஸட் என்ற எழுத்து. வளைகுடா ரூபாய் என்று அதற்குப் பெயர். மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமம்.

1961இல் குவைத்தும் 1965இல் பஹ்ரைனும் தத்தம் தினாரை வெளியிட்டு விலகின. 1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. 4 ரூபாய் 76 பைசாவுக்குக் கிடைத்த டாலர் ஏழரை ரூபாய் ஆயிற்று. வளைகுடா ரூபாய் இந்திய ரூபாயோடு கட்டப்பட்டிருந்ததால், டெல்லியில் விழுந்த அடி இங்கும் விழுந்தது. திருவீழிமிழலைக் கடைக்காரர் பாஷையில் சொன்னால், ஒரே நாளில் காசுக்கு வாசி ஏறிவிட்டது. கத்தாரும் துபாயும் சேர்ந்து புது ரியால் வெளியிட்டன; அபுதாபி பஹ்ரைன் தினாரை ஏற்றது; ஓமான் 1970வரை ரூபாயோடு இருந்து பின் தன் ரியாலுக்கு மாறியது. 1971 டிசம்பரில் அமீரகம் உருவானது. 1973 மே 19ஆம் தேதி திர்ஹம் வந்தது.

நோட்டு போயிற்று, சொல் போகவில்லை. பஹ்ரைனில் பத்து ரூபாய்க்கு ஒரு தினார் என்ற கணக்கில் மாற்றினார்கள். அதனால் அங்கே 100 ஃபில்ஸை இன்றும் ருபிய்யா என்று சொல்வதைக் கேட்கலாம். இங்கே அமீரகத்துப் பெரியவர்கள் வாயிலும் திர்ஹத்துக்கு ருபிய்யா என்றே வரும். முதன்முறை கேட்டபோது என்னை இந்தியன் என்று பார்த்துச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவர் தம் சொந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது, கையில் ஏதாவது காட்டவேண்டும் என்று தோன்றியது. 1808இல் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக பர்மிங்ஹாமில் செப்புக் காசு அடித்து, அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலில் ஏற்றியது. அது 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு அதிகம் விலகுமுன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. நம் ஊர்ச் சந்தைகளில் புழங்கவேண்டிய காசு 170 ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்து, 1980களில் லட்சக்கணக்கில் வெளியே எடுக்கப்பட்டது. நிறையக் கிடைத்ததால் விலையும் மலிவு. ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் ரோமன் எண்ணில் இருபது என்று போட்டு கேஷ் என்ற ஆங்கில எழுத்து; அதற்கு மேலே பாரசீக எழுத்தில் ஒரு வரி. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கைமாற்றிப் பார்த்தார்கள். கேஷ் என்பதைப் படித்துவிட்டு அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "இது பெட்டியா, காசா, அங்கிள்?" என்றாள். "இது காசு" என்றேன். மேலே உள்ள வரியை யாராலும் படிக்க முடியவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர் ஈரான்காரர். திரும்பும் வழியில் அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளக்கடியில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். இருபது காஸ் நான்கு ஃபுலூஸ் ஆகும் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். காஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சொல் என்றேன். ஃபுலூஸ் என்ற இடத்தை மறுபடி மறுபடி விரலால் தடவிப் பார்த்து, இதற்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார். அறுபது திர்ஹம் என்றேன்.

"நாலு ஃபுலூஸுக்கு அறுபது ருபிய்யாவா!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கல்லாவைத் திறந்து, எனக்குத் தரவேண்டிய தயிர்ப் பாக்கியை எண்ணிக் கொடுத்தார்.